மழையில் வீடு பாருங்கள்: சென்னையில் வீடு தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னையில் வீடு தேடும் படலம் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நடக்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சாமானை ஏற்றி இறக்கிவிட வேண்டும். அந்த வெயிலில் இந்த ஊரின் எல்லாத் தெருவும் காய்ந்து, நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அப்படி ஒரு மே மாதத்தில்தான் வேளச்சேரியில் கீழ்த்தள வீடு ஒன்றைப் பார்த்தேன். விசாலமான கூடம், வாசலில் வேப்பமரம், பக்கத்துத் தெருவைவிட வாடகை 2,000 ரூபாய் குறைவு. சாமர்த்தியமாகப் பேசி முடித்துவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு. இ.பி. மீட்டர் பெட்டி மட்டும் ஸ்டூல் போட்டால்தான் எட்டும் உயரத்தில் இருந்தது. குழந்தைகளுக்கு எட்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள், நல்ல மனிதர்கள் என்று எண்ணிக்கொண்டேன். நவம்பர் கடைசியில் கூடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபோதுதான் அந்த உயரத்துக்குக் காரணம் விளங்கியது.

வாடகை குறைவு, விலை குறைவு என்றால் மீதியை வேறு யாரோ வசூல் செய்துகொள்வார்கள். மழை வசூலிக்கும், பெட்ரோல் பங்க் வசூலிக்கும், தண்ணீர் லாரி வசூலிக்கும். நம்மில் பலர் செய்யும் தவறுகள் இந்த மீதியைக் கணக்கில் சேர்க்காததால் வருபவைதான்.

முதலில் மழை. சென்னையின் கிழக்குப் பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்கள்தான் உயரம், அதுவும் தட்டைத் தரை. தென் சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். கடலில் அலையேற்றம் இருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் வடியாது, காத்துக்கிடக்கும். அது காத்துக்கிடக்கும் இடத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றோடு ஒன்றாகிவிட்டன, வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி நீரில் கிடந்தன. ஒரு தடவை வந்ததை விதி என்று விட்டுவிடலாம். எட்டு வருடத்தில் திரும்ப வந்தால், அது அந்த நிலத்தின் குணம்.

ஊர்ப்பெயரும் கொஞ்சம் சொல்லும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் கிடையாது. அங்கே கிடந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. அதற்காக அங்கே குடியிருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஏரி இருந்த இடத்துக்குக் குடிபோனால் முதல் தளத்துக்குப் போங்கள். வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் போய்ப் பார்க்க வழியில்லை என்றால், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள், "இங்க தண்ணியே நிக்காது சார்" என்பதை அவர் மனப்பாடமாக வைத்திருப்பார். இஸ்திரிக்காரருக்கு 2015-இல் வண்டியை எதுவரை தள்ளிக்கொண்டு போனோம் என்பது நினைவிருக்கும். அப்புறம் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் புது பெயின்ட் அடித்திருப்பார்கள். பின்பக்கம், மோட்டார் இருக்கும் மூலையில், மங்கலான ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் அதுதான் வெள்ளம் நின்ற உயரம். வாசற்படி சாலையைவிடத் தாழ்வா என்றும் பாருங்கள். பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடும் வழக்கத்தால், கட்டும்போது இரண்டு படி மேலே இருந்த வீடுகள் இப்போது இரண்டு படி கீழே போய்விட்டன.

அடுத்தது தூரம். நகருக்குள் 14,000 ரூபாய் வாடகை, 25 கிலோமீட்டர் தள்ளி 9,000. மாதம் 5,000 மிச்சம் என்று தோன்றும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு இருசக்கர வண்டியில் நகருக்குள் வேலைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வர 50 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய். ஒருவருக்கு நாளைக்கு 112 ரூபாய், 26 நாளைக்கு 2,900. இருவருக்கும் சேர்த்து 5,800 ரூபாய். மிச்சம் என்று நினைத்தது 800 ரூபாய் நஷ்டமாக நிற்கிறது. டயர், சர்வீஸ், மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று கணக்கு இன்னும் நீளும். புறநகர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு என்றால் விடை தலைகீழ். அங்கே 25 கிலோமீட்டர் ஒன்றும் பெரிய சுமை இல்லை. ஆனால் "மெட்ரோ வரப்போகுது" என்று சொல்லி விற்கும் இடத்துக்கு இன்றைய பஸ்ஸை வைத்தே கணக்குப் போடுங்கள். மெட்ரோ வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே தவறை அரசாங்கமே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித்தருவதுதான் அதன் முக்கிய வழியாக இருந்தது. 2000-க்குப் பிறகு நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூரை கான்கிரீட் ஆனது உண்மை. ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பம் நடத்திய அக்காவுக்கு அந்த நாலு வீடும் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. காலை ஆறு மணிக்கு அடையாற்றில் ஒரு வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்றால் அவர் எத்தனை மணிக்கு எழுந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பது? பலர் வேலையை விட்டார்கள். சிலர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பிவிட்டார்கள். அதிலும் அப்படிக் குடியமர்த்திய இன்னொரு இடமான செம்மஞ்சேரி தாழ்வானது. ஆற்றங்கரை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொண்டுவந்தவர்களின் வீட்டுக்குள் அங்கேயும் தண்ணீர் வருகிறது. மாறாக மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்தபடி இருந்த இடத்திலேயே வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். மீனவரை 20 கிலோமீட்டர் தள்ளிக் குடிவைத்தால் படகை யார் பார்ப்பது? இதற்கு நகரமைப்புப் படிப்பே தேவையில்லை. வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. வேலை செய்யும் இடத்தையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அதோடு வந்திருந்தால் சந்தோஷப்படுவேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. வீடு பார்க்கப் போனால் சமையலறைக் குழாயின் வாயில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, துணி நுரைக்காது, கீசர் இரண்டு வருடம் தாங்கினால் அதிகம். பழைய மாமல்லபுரம் சாலையில் பல பெரிய அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அங்கே குளிக்கவும் முறை வைத்தார்கள். எனவே பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் போதாது, மே மாதம் லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்துப் பொருளாளரிடம் நோட்டே இருக்கும்.

வாடகைக்குப் போகிறவர்கள் காகித விஷயத்தில் காட்டும் அலட்சியம் எனக்குப் புரிவதே இல்லை. பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "உடன்பாடு இல்லாத பட்சத்தில்" என்பதைக் கவனியுங்கள். பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் பேரம் பேசுவதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். 11 மாத ஒப்பந்தம் என்றால் எதையும் பதிய வேண்டாம் என்ற நினைப்பும் பழசு. இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அப்படிப் பதிந்திருந்தால்தான் தகராறு வரும்போது பேச வாய் இருக்கும். வாடகைத் தகராறுக்காக வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. குடிபோகும் நாளிலேயே எல்லாச் சுவரையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பவில்லை. முன்பே இருந்த ஓதத்துக்கும் சேர்த்து "பெயின்டிங் சார்ஜ்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

லீஸுக்குப் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். எட்டு லட்சம், பத்து லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் வாடகையே கிடையாது, போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்பார்கள். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி வந்து நோட்டீஸ் ஒட்டும்போது உங்கள் எட்டு லட்சம் வெறும் வாய்ப்பேச்சு. சொத்தின் மேல் பதிவான அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், லீஸை எழுதும் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். "அதெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே" என்று யாராவது சொன்னால் வேறு வீடு பாருங்கள்.

மனை வாங்குகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லில். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. சி.எம்.டி.ஏ. எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோது, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கமெல்லாம் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்க முடியாமல் நின்றவர்கள் ஏராளம். பிறகு அவற்றை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளை வைத்துத்தான் வகுக்கப்பட்டது. பத்திரம் உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. பட்டா யார் பெயரில், அந்த சர்வே எண் பழைய பதிவேட்டில் வாய்க்கால் என்றோ ஏரி என்றோ இருக்கிறதா என்பதையும் தாலுகா அலுவலகத்தில் பாருங்கள்.

ஃபிளாட் என்றால் இரண்டே கேள்வி. 1,000 சதுர அடி என்கிறார்களே, அதில் சுவருக்குள் நான் நடக்கும் இடம் எவ்வளவு? மண்ணில் என் பங்கு, அதாவது யு.டி.எஸ்., எவ்வளவு? முதல் கேள்விக்கு 700 என்ற விடை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, சுவருக்குள் இருக்கும் அந்த இடத்தை, அதாவது கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதியாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கவும் கூடாது.

கடன் கணக்கில் ஒரே ஒரு தவறைச் சொல்கிறேன். வட்டி ஏறாது என்று நினைப்பது. 7 சதவீதத்தில் 40 லட்சத்துக்கு 20 வருடக் கடன் என்றால் தவணை ஏறக்குறைய 31,000 ரூபாய். 2022 மே தொடங்கி ஒரு வருடத்துக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. அந்த 2.5 சதவீதமும் உங்கள் கடனில் ஏறினால் தவணை 37,000-ஐத் தாண்டும். வங்கிகள் பெரும்பாலும் தவணையை ஏற்றாமல் வருடங்களை நீட்டிவிடும், அதனால் பலருக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் கடன் இப்போது எத்தனை வயதில் முடிகிறது என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள், தூக்கிவாரிப்போடும். கையில் ஆறு மாதத் தவணை இல்லாமல் கடனுக்குள் இறங்க வேண்டாம். மனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் கையிருப்பில் சேர்க்க மறந்து, நகையை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு பழைய ஃபிளாட்டைப் பார்க்க நண்பரோடு போயிருந்தேன். பால்கனியில் நின்றால் கடல் தெரிந்தது, காற்று ஆளைத் தூக்கியது, நண்பர் அங்கேயே குடிவந்துவிட்டார் முகத்தளவில். நான் மேல்மாடி பால்கனியின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்தேன். காரை பெயர்ந்து, துருவில் வீங்கிய கம்பி வெளியே தெரிந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் கான்கிரீட்டைப் பிளந்துவிடும், மேலே சிமென்ட் பூசினால் நிற்காது. சங்கத்தில் பழுதுபார்க்க எவ்வளவு நிதி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் சேர்ந்து போட்டுக்குவோம் சார்" என்றார் உரிமையாளர், அங்கேயே இரண்டு லட்சம் குறைத்தும் சொன்னார். நண்பர் படியிறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்கச் செம்பழுப்புத் தூள். அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அடுத்த வீட்டை நவம்பர்ல பாப்போம்டா" என்றார்.