கிரீன் டீ மாக்கரோன்: பச்சை நிறம் மாறாமல் சுட
தூத்துக்குடி மக்ரூனுக்கு முந்திரி, பிரெஞ்சு மாக்கரோனுக்கு பாதாம். முட்டை வெள்ளைக்கரு இரண்டுக்கும் பொது. 100 கிராம் வெள்ளைக்கருவுக்கு பாதாம் தூளும் பொடித்த சீனியும் தலா 125 கிராம், நுரைக்க அடிக்கும்போது சேர்க்க இன்னொரு 100 கிராம் சீனி, மாட்சா தூள் (மாவு போல நைசாக அரைத்த கிரீன் டீ) இரண்டு டீஸ்பூன் போதும், கூடினால் கசக்கும். அதற்குப் பதிலாக டீ பேக்கைப் பிரித்துக் கொட்டாதீர்கள், பல்லில் நறநறக்கும்.

எல்லாம் கலந்த மாவைத் தட்டில் பிழிந்து வைத்த பின் விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுவரை ஓவனுக்குள் வைக்காதீர்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நேரத்தில் அரை மணி நேரமெல்லாம் காணாது, ஃபேனுக்கு அடியில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். சூடு 150 டிகிரிக்கு மேல் வேண்டாம். பாதி வெந்ததும் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மேலே போட்டுவிட்டால் பச்சை பழுப்பாகாது.