சீரியம் ஆக்சைடு நானோகுச்சியும் கனசதுரமும்: செய்து, ஒப்பிட்டு அறியும் முறை

ஒரே சேர்மம், ஒரே படிக அமைப்பு. ஆயினும் துகளின் வடிவம் மாறினால் வினையூக்கத் திறனும் மாறிவிடுகிறது. இதைக் கற்கத் தொடங்குவோருக்குச் சீரியம் ஆக்சைடே மிகப் பொருத்தமான பொருள் என்பது என் கருத்து. வாகனப் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றிகளில் ஆக்சிஜனைச் சேமித்து வழங்குவது இதுதான். அதோடு, வெப்பநிலையை மட்டும் மாற்றி இதில் இரு வடிவங்களைப் பெறலாம்.

செய்முறைக்கு முன் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். படிகத்தின் உள்ளே ஒவ்வொரு சீரியம் அயனியையும் 8 ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. மேற்பரப்பில் இந்த எண்ணிக்கை குறைகிறது: (111) முகத்தில் 7, (110), (100) முகங்களில் 6. அடைப்புக்குறிக்குள் உள்ள எண்கள், அந்த முகம் படிகத்தில் எந்தத் திசையை நோக்கியுள்ளது என்பதைக் குறிக்கும். எண்முகித் துகளின் வெளிப்புறம் (111) முகங்களாலும், கனசதுரத்தின் வெளிப்புறம் (100) முகங்களாலும் ஆனது. மேற்பரப்பிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு வெளியேறும்போது அது விட்டுச்செல்லும் 2 எலக்ட்ரான்களை இரண்டு சீரியம் அயனிகள் ஏற்று, +4 நிலையிலிருந்து +3 நிலைக்கு இறங்குகின்றன. இந்தக் காலியிடமே நாம் தேடும் மேற்பரப்புக் குறை. அதை உண்டாக்கத் தேவையான ஆற்றல் (110) முகத்தில் மிகக் குறைவு, (100) முகத்தில் அதைவிடக் கூடுதல், (111) முகத்தில் மிக அதிகம் என்று கணக்கீடுகள் காட்டுகின்றன. கார்பன் மோனாக்சைடு மேற்பரப்பின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேற, காற்றின் ஆக்சிஜன் அந்த இடத்தை நிரப்புகிறது. மார்ஸ், வான் கிரெவலன் இருவரும் 1954-இல் முன்வைத்த வினைவழி இது.

முதல் படியாக, 1.736 கிராம் சீரியம் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டை 10 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். வேறொரு பீக்கரில் 19.2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 70 மில்லிலிட்டர் நீரில் சிறிது சிறிதாகக் கரையுங்கள். கரைசல் கடுமையாகச் சூடேறும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஆறிய பின் இரண்டையும் கலந்து 30 நிமிடம் கலக்கினால் பால்போன்ற வெண்குழம்பு கிடைக்கும்.

அடுத்து, குழம்பை டெஃப்ளான் உள்ளுறையுள்ள 100 மில்லிலிட்டர் ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில்) அடைத்து 24 மணி நேரம் அடுப்பில் வையுங்கள். 100 டிகிரி செல்சியஸில் வைத்தால் குச்சிகளும், இதே அளவுகளில் மீண்டும் தயாரித்து 180 டிகிரியில் வைத்தால் கனசதுரங்களும் கிடைக்கும். முதலில் உருவாகும் சீரியம் ஹைட்ராக்சைடு அறுகோணப் படிகமாதலால் ஒரு திசையில் நீண்டு வளர்கிறது. 180 டிகிரியில் அது கரைந்து கனசதுரமாக மறுபடிகமாகிறது. இதில் நைட்ரேட்டுக்கும் பங்குண்டு என்பதால், அதற்குப் பதிலாகக் குளோரைடைப் பயன்படுத்த வேண்டாம். ஆட்டோகிளேவ் அறை வெப்பநிலைக்கு முழுமையாக ஆறும்வரை திறக்காதீர்கள்.

பிறகு, கழுவிய நீர் நடுநிலையாகும்வரை மையவிலக்கியில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். இதில் அவசரம் கூடாது, ஏனெனில் எஞ்சும் சோடியம் வினையூக்கத்தைக் கெடுத்துவிடும். குச்சிகளின் ஈரக் குழம்பில் காற்றுபடும்போது சிலசமயம் ஊதா சாயல் தோன்றும்; சீரியம் இன்னும் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையவில்லை என்பதற்கு அது அடையாளம். 60 டிகிரியில் உலர்த்தினால் வெளிர்மஞ்சள் தூள் கிடைக்கும்.

அடுத்தது சோதனை. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு இரு மாதிரிகளுக்கும் ஒரே புளோரைட் அமைப்பைத்தான் (சீரியம் ஆக்சைடின் வழக்கமான கனசதுரப் படிக அமைப்பை) காட்டும். வடிவத்தை ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். குச்சிகளின் முகங்கள் (110), (100) என்றே முதலில் கருதப்பட்டன. பின்வந்த ஆய்வுகள் கரடுமுரடான (111) பகுதிகளையும் கண்டன. ஆகவே “குச்சி என்றால் (110)” என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு அணுப் பிணைப்புகளின் அதிர்வை அறியும் முறையில்) 464 செ.மீ⁻¹ அலையெண்ணில் முதன்மை முகடும், 600-க்கு அருகில் குறைகளைக் காட்டும் சிறு முகடும் தெரியும்; பின்னதை முன்னதால் வகுத்த விகிதம் பெரும்பாலும் குச்சிகளில் கூடுதலாக இருக்கும்.

இறுதியாக, இரண்டிலும் ஒரே எடையை எடுத்து, ஒரே வாயு ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றத்தை அளவிடுங்கள். தொடக்கநிலையினர் வழுக்குவது இதற்கு அடுத்த கணக்கில்தான். குச்சியின் பரப்பு கிராமுக்கு 90 சதுர மீட்டர், கனசதுரத்தின் பரப்பு 30 என்றும், கிராம் கணக்கில் குச்சியின் வேகம் 6 மடங்கு என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 3 மடங்கு பரப்பால் வந்தது. முகமும் குறைகளும் தந்தது 2 மடங்கு மட்டுமே. அளவீடு முடிந்ததும் அதே தூளை மீண்டும் நுண்ணோக்கியில் பாருங்கள்: கனசதுரத்தின் விளிம்புகள் வெப்பத்தில் மழுங்கியிருந்தால், நீங்கள் பெற்ற எண்ணை (100) முகத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.