டேட்டா எடுக்கும் ஷிஃப்டில் முதல்முறை உட்காருபவருக்கு

எல்எச்சி என்ற பெரிய துகள் மோதுவியில் 25 நானோ நொடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் எதிரெதிரே கடக்கின்றன. அத்தனை மோதல்களையும் சேமிக்க வழியில்லை. எந்த மோதலை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் முதல் நிலை டிரிகர் சில மைக்ரோ நொடிகளில் முடிவெடுத்து, நொடிக்குச் சுமார் 1 லட்சமாகக் குறைக்கும். அடுத்து கணினிகள் சில ஆயிரமாக வடிகட்டும். இந்த ஓட்டம் தடைபடாமல் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

நான் உட்கார்ந்ததும் முந்தைய ஷிஃப்டின் லாக்புக்கைத்தான் முதலில் படிப்பேன். திரை அப்புறம். கற்றைகள் நிலைபெற்றுவிட்டன என்னும் 'ஸ்டேபிள் பீம்ஸ்' அறிவிப்பு வரும்வரை துகள்களின் தடங்காணும் கருவிகளுக்கு முழு மின்னழுத்தம் கொடுக்காதீர்கள்.

டிரிகர் வீதம் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, டெட்டைம் (புது மோதலை ஏற்க முடியாத நேரம்) 100 சதவீதம் என்று காட்டுகிறதா? உடனே ரன்னை (நடந்துகொண்டிருக்கும் பதிவை) நிறுத்தத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். எந்தத் துணைக்கருவி 'பிஸி' என்று கொடி பிடிக்கிறது என்று பாருங்கள்; பல நேரம் கருவியிலிருந்து டேட்டாவை வாசிக்கும் ஒரே ஒரு ரீட்அவுட் போர்டுதான் சிக்கியிருக்கும். அதை மட்டும் ரீசெட் செய்து பாருங்கள். ரன்னை நிறுத்தித் தொடங்கினால் நிமிடங்கள் போய்விடும், அந்த மோதல்கள் திரும்ப வராது.

வீதம் மெதுவாகச் சரிந்தால் கவலை வேண்டாம், லூமினாசிட்டி (மோதல்களின் செறிவு) குறைவதால் அப்படித்தான் இருக்கும். கருவியின் எந்தப் பகுதியில் எத்தனை சிக்னல் என்று காட்டும் ஹிஸ்டோகிராமில் புதிதாக ஓட்டை விழுந்தால்தான் கவலை: கருவியின் ஏதோ ஒரு மாட்யூல் (துண்டு) செத்திருக்கலாம்.

லாக்புக்கில் நேரம், ரன் எண், பார்த்தது, செய்தது எல்லாம் எழுதுங்கள். 'சரியாகிவிட்டது' என்று மட்டும் எழுதுகிறவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபமே உண்டு. நடுராத்திரியானாலும் நிபுணரைக் கூப்பிடத் தயங்காதீர்கள். ஆன்-கால் என்று பெயர் போட்டிருப்பதே அதற்குத்தான்.