'உங்களுக்குத் தெரியுமா?' துணுக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்தில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்பில் வரும் ஒற்றை வரிகளை எழுதுவது எளிது என்று புதிய பயனர்கள் பலர் நினைக்கிறார்கள். என் கருத்தில் கட்டுரை முழுவதிலும் அதிகக் கவனம் கேட்கும் வரி அதுதான். கட்டுரைக்குள் ஒரு தகவல் தன் விளக்கத்தோடு இருக்கிறது. துணுக்காக வெளியே வந்தபின் தனியாகப் படிக்கப்படுகிறது, தனியாகவே பரவுகிறது.

முதல் தவறும் பெரிய தவறும், வியப்பைக் கூட்டுவதற்காகச் சான்று சொல்லாததைச் சொல்வது. 'வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது' என்ற துணுக்கைப் பலரும் படித்திருப்பார்கள். வெள்ளி தன் அச்சில் ஒருமுறை சுழல ஏறத்தாழ 243 புவி நாள்கள் ஆகின்றன. சூரியனை ஒருமுறை சுற்றிவர 225 நாள்கள் போதும். இதுவரை சரி. ஆனால் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடைப்பட்ட காலத்தைத்தானே பெரும்பாலோர் நாள் என்று புரிந்துகொள்கிறார்கள்? வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் அந்தக் காலம் சுமார் 117 புவி நாள்கள்தான். 'வெள்ளி தன் அச்சில் ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் சூரியனைச் சுற்றி வந்துவிடுகிறது' என்று எழுதிப் பாருங்கள். வியப்பு குறையவில்லை, யாரும் மறுக்கவும் முடியாது.

'முதல்', 'மிகப்பெரிய', 'ஒரே' என்ற சொற்களிலும் இதே ஆபத்து உண்டு. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் உயரமான மலை. கடலுக்கடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா அதை மிஞ்சுகிறது. புவியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பதோ எக்வடோரின் சிம்போராசோ சிகரம். எந்த அளவையால் 'மிக' என்பதைத் துணுக்கே சொல்ல வேண்டும்.

சான்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்து நிறைவடைவது இன்னொரு தவறு. 2008-இல் ஒரு மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவின் கோட்டி என்ற விலங்கு பற்றிய கட்டுரையில் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்று தானே புனைந்த ஒரு பெயரைச் சேர்த்தார். அது செய்தித்தாள்களுக்கும் நூல்களுக்கும் போய், பின்னர் அவையே அந்தப் பெயருக்குச் சான்றாகத் திரும்பி வந்தன. நடக்கவே நடக்காத 'பிச்சோலிம் போர்' பற்றிய கட்டுரை 2007 முதல் 2012 வரை அங்கே இருந்தது. தரம் பார்த்து வழங்கப்படும் 'நல்ல கட்டுரை' என்ற தகுதியையும் பெற்றிருந்தது. சான்றாகக் காட்டிய நூல்களை ஒருவர் தேடிப் பார்த்தபோதுதான் அவை இல்லாதவை என்று தெரிந்தது. ஆகவே மேற்கோள் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சான்றைத் திறந்து அந்த வரியைப் படியுங்கள். அது கட்டுரைக்கு முன்பே வெளியானதா என்றும் பாருங்கள்.

உயிரோடிருப்பவரின் வாழ்வில் நடந்த ஒரு வழக்கையோ அவமானத்தையோ துணுக்காக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். தகவல் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மனிதரை அந்த ஒற்றை வரியாகச் சுருக்கி முதற்பக்கத்தில் நிறுத்துவது நியாயமில்லை. அவர் செய்த வேலையிலிருந்து ஒன்றைத் தேடுங்கள், கிடைக்கும்.

பயனர்கள் துணுக்குகளை விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நடக்கும் தவறுகள் வேறு வகை. 'சுவையாக இல்லை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதால் எழுதியவருக்கு எந்தப் பயனும் இல்லை. மாற்று வரி ஒன்றையும் கூடவே முன்வையுங்கள். முதலில் தகவல் சரிதானா என்பதை முடித்துவிட்டுச் சுவைக்கு வாருங்கள், இல்லாவிட்டால் தவறான வரியைச் செதுக்கிக்கொண்டே பல நாள்கள் போகும். ஆதரவுக் குரல்களை எண்ணி முடிவெடுப்பதும் கூடாது. சான்றைப் படித்துவிட்டு மறுக்கும் ஒருவரின் காரணத்துக்கு, படிக்காமல் ஆதரிக்கும் ஐவருடையதைவிட எடை அதிகம்.

நீளத்தைக் குறைக்கும்போதும் விழிப்பு தேவை. ஆங்கில விக்கிப்பீடியாவில் துணுக்குக்கு 200 எழுத்துக்குறிகள் என்ற வரம்பு உண்டு. அதற்குள் அடக்க, 'ஏறத்தாழ', 'என்று கூறப்படுகிறது' போன்றவற்றைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு அடைமொழிகளை நீக்குங்கள். அதன்பின்னும் இடம் போதாவிட்டால் அதே கட்டுரையிலிருந்து வேறொரு தகவலைத் தேர்ந்தெடுங்கள்.