ரோமின் பழைய புகைப்படத்துக்குக் காலம் கணிப்பது எப்படி?

ரோமானியத் தொன்மைச் சின்னங்களின் பழைய படங்கள் பெரும்பாலும் தேதியின்றியே கைக்கு வருகின்றன. பின்புறத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருக்கும் ஆண்டை நம்புவதற்கு முன், படத்தில் உள்ள கட்டடத்தையே விசாரிக்க வேண்டும்.

கொலோசியத்தின் உட்புறப் படமாக இருந்தால், பூதக்கண்ணாடியை நேரே அரங்கின் தரைக்குக் கொண்டுசெல்லுங்கள். நடுவில் சிலுவையும், ஓரத்தைச் சுற்றிச் சிலுவைப் பாதைக்கான சிறு மாடங்களும் தெரிந்தால், அது 1874-க்குப் பிற்பட்ட படமாக இருக்க முடியாது. அகழாய்வுக்காக அவ்வாண்டில் அவை அகற்றப்பட்டன. சுவர்களில் மண்டியிருக்கும் செடிகொடிகளும் ஒரு தடயமே. 1855-இல் தாவர ஆய்வாளர் ரிச்சர்ட் டீக்கின் அந்த இடிபாட்டில் 420 வகைத் தாவரங்களைப் பட்டியலிட்டார். 1870-இல் நகரம் இத்தாலி அரசின் வசமான பிறகு அவை களையப்பட்டன. ஆனால் செடி மறுபடியும் முளைக்கும் என்பதால், இதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்க.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் இன்னும் எளிது. அதன் முகப்புக்கு மேலே நின்ற இரண்டு மணிக்கூண்டுகள், ‘கழுதைக் காதுகள்’ என்று ஊரார் கேலி பேசியவை, 1883-இல் இடிக்கப்பட்டன. கான்ஸ்டன்டைன் வளைவுக்கு அருகே கூம்பாக நின்ற மேட்டா சூடான்ஸ் நீரூற்றின் செங்கல் எச்சமோ 1936 வரை இருந்தது.

அடுத்துப் படத்தின் பொருளைப் பாருங்கள். சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடிபோல் மின்னும் வெள்ளித் தகடு என்றால், அது 1839-இல் அறிமுகமான டாகரோடைப் என்னும் தொடக்ககாலப் புகைப்பட வகை. 1842-இல் பிரெஞ்சுக்காரர் ழிரோ த பிராஞ்சே ரோமில் எடுத்தவை இவ்வகையே. இதில் பொதுவாக இடவலம் மாறிப் பதிவதால், வளைவுகளின் கல்வெட்டு எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். காகித நெகட்டிவிலிருந்து அச்சிட்ட படத்தில் தாளின் நார் தெரிந்து, கல்லின் விளிம்பு சற்றே மங்கும். கல்லின் வெடிப்புகூடத் துல்லியமாகத் தெரிந்தால், அது 1851-இல் வந்த ஈரக் கொலோடியன் முறையிலோ அதற்குப் பின் வந்த முறையிலோ எடுத்த கண்ணாடி நெகட்டிவாக இருக்கக்கூடும். தெரு வெறிச்சோடிக் கிடப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நீண்ட ஒளிப்பதிவு நேரத்தில் நடமாடுவோர் பதிவாவதில்லை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரோமில் புகைப்படத் தொழில் நடத்திய ஜேம்ஸ் ஆண்டர்சனுக்குப் பின் அவர் மகன் தொழிலைத் தொடர்ந்ததுபோல, பழைய நெகட்டிவ்கள் கைமாறிப் பல ஆண்டுகள் அச்சிடப்படுவதுண்டு. கட்டடம் காட்டுவது படம் எடுத்த காலத்தை. தாள் காட்டுவது அச்சிட்ட காலத்தை. ஆகவே, ‘எடுத்தது 1874-க்கு முன், அச்சிட்டது பிற்காலம்’ என்று குறிப்பில் இரண்டையும் தனித்தனியே எழுதிவையுங்கள்.