வாசலில் நிற்பவருக்கே முதல் பணமா? நெருக்கடியில் கடன் அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், அல்லது வந்துகொண்டிருந்த ஒரு சம்பளம் நின்றுவிட்டது. கையில் 10,000 ரூபாய்தான் இருக்கிறது. எந்தக் கடனுக்குக் கட்டுவது? பெரும்பாலான வீடுகளில் இதை முடிவு செய்வது சத்தம்தான். வாசலில் நின்று குரல் உயர்த்துகிறவருக்கு முதல் பணம். அடுத்து, முகத்தில் முழிக்க வேண்டுமே என்று மாமாவிடம் வாங்கிய கைமாற்று. அடகில் இருக்கும் நகை வாய் திறந்து கேட்காது என்பதால் அதற்குக் கடைசி இடம். வருஷம் முடிந்து ஏல நோட்டீஸ் வரும்போது நாலு பவுனும் மூழ்கும் நிலையில் இருக்கும்.

சத்தத்தை நம்பாமல் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் நான்கு விஷயம் போதும்: அசல் பாக்கி எவ்வளவு, மாத வட்டி ரூபாயில் எவ்வளவு, கெடு தேதி எது, கட்டாவிட்டால் எது கைவிட்டுப் போகும். சாப்பாடு, வாடகை, மருந்து, கரண்ட் பில் இதற்கெல்லாம் முன்னே. அதன்பின் பிழைப்புக்கான பொருளின் மேல் இருக்கும் கடன்: ஆட்டோ, படகு இன்ஜின், தையல் மிஷின், குடியிருக்கும் வீடு. அப்புறம் எல்லாக் கடனுக்கும் குறைந்தபட்சத் தவணை. இவ்வளவுக்கும் போக மிஞ்சுவது முழுவதும், வட்டி அதிகமான ஒரே கடனுக்கு. நாலு பேருக்கு ஐநூறு ஐநூறாகப் பிரித்துக் கொடுத்தால் எந்தக் கடனும் முடியாது. வட்டியில்லாக் கைமாற்று கடைசியில் இருக்கலாம். ஆனால் நேரில் போய், எந்த மாதம் தருவோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். போனை எடுக்காமல் இருந்தால்தான் உறவு முறியும்.

மூணு வட்டிக்கு வட்டி மட்டுமே கட்டுவது

50,000 ரூபாய், நூற்றுக்கு மூணு வட்டி. மாதம் 1,500, வருஷக் கணக்கில் 36 சதவீதம். 34 மாதம் தவறாமல் கட்டினால் 51,000 ரூபாய் போயிருக்கும். அசல் 50,000 அப்படியே நிற்கும்.

வீட்டில் நகை இருந்தால் கணக்கே மாறும். வங்கியிலோ கூட்டுறவு சொசைட்டியிலோ 9.5 சதவீத வட்டிக்கு 50,000 வாங்கி மூணு வட்டியை முடித்துவிடுங்கள். இதுவரை வட்டிக்கே போன அந்த 1,500-ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டினால், 39 மாதத்தில் வட்டியும் அசலும் சேர்ந்தே தீரும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புதுக் கடனின் மாத வட்டி 400 ரூபாய்கூட வராது என்பதால் மீதி 1,100 வீட்டுச் செலவில் கரைந்துபோகும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நகையும் அடகில், அசலும் குறையவில்லை.

நகை இல்லாதவர்கள் அசலைத் துண்டு துண்டாகக் குறைக்க வேண்டும். “கொடுத்தா மொத்தமா குடு” என்றுதான் வட்டிக்காரர் சொல்வார், மாதம் வரும் 1,500 நின்றுபோகக் கூடாதே! சிறுகச் சிறுக வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டு, 10,000 சேர்ந்ததும் ஒரே தவணையாகக் கொடுங்கள். கொடுக்கும்போதே புரோநோட்டின் பின்பக்கம் தேதி, தொகை, அவர் கையெழுத்து மூன்றையும் வாங்கிவிடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் வட்டி 1,200. வாய்வார்த்தையாக விட்டால், ஆறு மாதம் கழித்து “அது வட்டிக்குத்தானே கழிச்சேன்” என்பார்.

தண்டல் இன்னும் மோசம். 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். பார்வைக்கு 15 சதவீதம் போல இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு 120 சதவீதம். கடை வைத்திருப்பவர் ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுத்தால் அந்தக் கடை வட்டிக்காரருக்காகத்தான் நடக்கும்.

“ஒரு ரூபாய் வட்டிதான்” என்று சொல்லும் ஃபைனான்ஸ் தவணையிலும் கவனம் வேண்டும். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் என்று இரண்டு வருஷ வட்டி 24,000-ஐ முன்கூட்டியே சேர்த்து மாதம் 5,167 என்று பிரித்தால், குறையும் அசலுக்கான உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். கிரெடிட் கார்டில் 40,000 பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,400, அதன்மேல் ஜிஎஸ்டி 252. குறைந்தபட்சம் என்று 2,000 கட்டினால் அசலில் 348 ரூபாய்தான் குறையும். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் அரிசிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நகைக்கடனில் நடப்பது

கெடு முடிகிற நாளில் வங்கிக்குப் போவதுதான் முதல் தவறு. வட்டியைக் கட்டினாலே புதுப்பித்துவிடலாம் என்று நினைத்துப் போவார்கள். அசலையும் கட்டித் திருப்பிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னால் கையில் பணம் இருக்காது. வெளியே ஒருநாள் வட்டிக்குக் கொடுப்பவர் காத்திருப்பார். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய், புதுப்பிக்க என்ன கட்ட வேண்டும் என்று கேளுங்கள். நான்கு நகை ஒரே கடனில் இருந்தால், அடுத்த முறை இரண்டு கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பணம் வந்தாலே பாதி நகையை மீட்டுவிடலாம்.

ஏலத்துக்குப் போய்விட்டால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். கடனும் செலவும் போக மிச்சத் தொகை கடன் வாங்கியவருக்குத்தான் சேர வேண்டும். ஏலத் தொகை எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பவுன் விலை ஏறியிருக்கும் காலத்தில் இது சின்னத் தொகையாக இருக்காது.

தேர்தல் நெருங்கினால் இன்னொரு நோய் வரும்: “தள்ளுபடி ஆகும், கட்டாதே.” 2021-இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி 5 பவுன் வரைக்கும்தான். மொத்தம் 40 கிராமுக்கு மேல் வைத்திருந்தவர்கள் விலக்கப்பட்டார்கள். காத்திருந்த மாதங்களுக்கும் சேர்த்து அவர்கள் வட்டி கட்ட வேண்டியதாயிற்று. அறிவிப்பு வருகிறவரை தவணையைக் கட்டிக்கொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

சொந்தக்காரர்களுக்கு உதவும்போது

தம்பிக்கு வேலை போய்விட்டது, அக்காவுக்கு அவசரம். கையில் பணம் இல்லாதபோது பெயரைக் கொடுப்பது நம் வழக்கம்: “உன் பேர்ல லோன் எடு, நான் கட்டுறேன்.” கட்டாத மாதம் சிபில் (கடன் மதிப்பெண்) கெடுவது உங்களுக்குத்தான். ஜாமீன் கையெழுத்தும் அதே கதை. கடன் வாங்கியவரை முதலில் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. நேராக உங்கள் வீட்டுக்கே வரலாம். மனைவியின் நகையை அண்ணன் குடும்பத்துக்கு அடகு வைக்கக் கொடுப்பதிலும் ரசீது யார் பெயரில் என்பதைப் பாருங்கள். உங்கள் பெயரில் இருந்தால்தான் மீட்பது உங்கள் கையில் இருக்கும்.

உதவி செய்யவே கூடாது என்பதில்லை. திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை முடிவு செய்யுங்கள். மாதம் 2,000 என்றால் 2,000, ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பணமாகக் கொடுப்பதைவிட மளிகைக் கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ நேரில் கட்டுவது நல்லது.

ஆஸ்பத்திரிச் செலவில்தான் அவசரக் கடன் அதிகம் பிறக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பத்தின் வருஷ வருமான வரம்பு 1,20,000 ரூபாய். பணத்தைக் கட்டி ஆபரேஷன் முடித்துவிட்டு, அப்புறம் கார்டைக் காட்டினால் பணம் திரும்பாது. முன்அனுமதி வாங்கித்தான் சிகிச்சை தொடங்க வேண்டும். சேர்க்கும்போதே, இந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அடங்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ தரும் வருமானச் சான்று மூன்றையும் நோய் வருவதற்கு முன்பே தயார் செய்து பதிந்துவிடலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் சிகிச்சைச் செலவு குறைவு என்று நினைத்து, கூட இருப்பவரின் பஸ், சாப்பாடு, இழந்த கூலி இவற்றைக் கணக்கில் வைக்க மறந்துவிடுகிறார்கள். அந்தச் செலவுக்குத்தான் பிறகு தண்டல் எடுக்கிறார்கள்.

தடைக்காலமும் புயலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது கடலூர் தேவனாம்பட்டினத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் மாதத் தவணைக் கடன் எடுக்கும்போது இந்த இரண்டு மாதத்தை யாரும் நினைப்பதில்லை. தவணை 4,000 என்றால் மற்ற பத்து மாதமும் 800 வீதம் ஒதுக்கினால் தடைக்காலத் தவணை இரண்டும் கையில் இருக்கும். நிவாரணம் 8,000 வரும் என்று அதன்மேல் முன்பணம் வாங்காதீர்கள். அது வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கரையில் அடி விழுவது புதிதில்லை. வீடு மூழ்கிய மாதம் தவணை கட்ட முடியாமல் போவது தப்பில்லை. சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு. பாதிப்புச் சான்றோடு கிளையில் மனு கொடுத்து, தவணையை ஒத்திவைக்கவோ காலத்தை நீட்டவோ கேளுங்கள். ஆனால் ஒத்திவைப்பு வட்டித் தள்ளுபடி ஆகாது. 3 லட்சம் பாக்கிக்கு 11 சதவீதம் என்றால், மூன்று மாதம் கட்டாமல் விட்டால் 8,250 ரூபாய்க்கு மேல் அசலில் ஏறும். பாதித் தவணையாவது கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள்.

குழு லோன்

ரிசர்வ் வங்கி விதிப்படி, குழுவாகச் சேர்ந்து வாங்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில், எல்லாக் கடன் தவணையும் சேர்த்துக் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. லோன் கிடைக்க வேண்டும் என்று வருமானத்தைக் கூட்டி எழுதச் சம்மதித்தால் இந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றி வைக்கிறீர்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. தாமத அபராதம் தவறிய தவணைக்குத்தான், மொத்தக் கடனுக்கு இல்லை. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணுக்குப் பேசலாம். போனில் இருக்கும் படங்களையும் நம்பர்களையும் வைத்து மிரட்டும் லோன் ஆப்களுக்கு சைபர் குற்ற உதவி எண் 1930. மீட்டர் வட்டி மிரட்டல் என்றால் காவல் நிலையம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

சம்பாதித்தவர் இறந்துவிட்டால்

காரியம் முடிவதற்குள் கடன்காரர்கள் மகனிடம் புதுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்பார்கள். போடாதீர்கள். அப்பாவின் கடனுக்கு வாரிசின் பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான். கையெழுத்துப் போட்ட பிறகு அது உங்கள் சொந்தக் கடன். முதலில் அவருடைய பாஸ்புக்கைப் புரட்டுங்கள். மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாய் பிடித்திருந்தால் 2 லட்சம் ஆயுள் காப்பீடு இருக்கிறது. 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. கிளையில் உடனே கேளுங்கள். கடனோடு சேர்த்துக் காப்பீடு பிடித்திருந்தால் அந்தக் கடனே தீரலாம். அது தெரியாமல் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

வெற்றுக் காசோலை, தொகை எழுதாத புரோநோட்டு, ஏடிஎம் கார்டு எதையும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். தொகையை யார் நிரப்பினாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். கடன் முடிந்த அன்றே பத்திரத்தையும் காசோலையையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். “பீரோவுல எங்கயோ இருக்கு, அப்புறம் தர்றேன்” என்றால், முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். வண்டிக் கடன் முடித்தவர்கள் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கியதும் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து ஆர்சி புத்தகத்திலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்க வேண்டும். அவசரத்துக்கு வண்டியை விற்கப் போகும்போது ஆள் வந்து நிற்பார், ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயரும் நிற்கும்.