அரூப அச்சு ஓவியத்தில் உணர்வைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவப்பு என்றால் கோபம், கறுப்பு என்றால் துக்கம், நீலம் என்றால் அமைதி. அரூப வெளிப்பாட்டு பாணி (அடையாளம் தெரியும் உருவத்தைவிட நிறத்தாலும் கோட்டாலும் உணர்வைச் சொல்லும் பாணி) அச்சு ஓவியம் ஒன்றின் முன் நின்றதும் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நிறத்தின் பெயரில் உணர்வு இல்லை. அதே சிவப்பு தாளில் ஊறிப் பரவியிருந்தால் ஒரு மாதிரி, கறுப்பு மேலேறி அதை ஓரத்துக்கு நெருக்கினால் வேறு மாதிரி. அடர்த்தியையும் விளிம்பையும் பாருங்கள்.

பறவை தெரிகிறதா, முகம் தெரிகிறதா என்று தேடுவது அடுத்தது. தெரிந்தால் தெரியட்டும். ஆனால் உருவம் கிடைத்ததும் கண் அங்கேயே நின்றுவிடும், மீதிப் படம் கைவிட்டுப் போகும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, பார்ப்பது அச்சு, அதாவது கல்லிலோ பலகையிலோ உருவாக்கித் தாளில் ஒற்றியெடுத்தது, என்பதையே மறப்பது. 1960-இல் ஓவியர் வில்லெம் டி கூனிங், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், அச்செடுக்கப் பயன்படும் பெரிய லித்தோ கல்லின் மேல் தரை துடைக்கும் மாப்பைக் கொண்டு வரைந்தார். அந்த மாதிரித் தீற்றலை நிதானமாகப் பின்தொடருங்கள். மாப் அழுந்திய இடத்தில் மை திட்டாக நிற்கும். இழுக்க இழுக்க மை தீர்ந்து, கோடு நார் நாராகப் பிரியும். கை போன வழி அதுதான். ஆனால் கல்லிலிருந்து நேரடியாகத் தாளுக்கு எடுக்கும்போது படம் இடவலம் மாறிவிடும். தாளில் வலப்பக்கம் பாய்கிற கோட்டை அவர் கை இடப்பக்கம் இழுத்திருக்கிறது. எனவே திசையை வைத்து ஓவியரின் மனநிலையைச் சொல்லக் கூடாது. தாளில் அந்தப் பாய்ச்சல் நமக்கு என்ன செய்கிறது என்று சொல்லலாம், அது போதும்.

அப்புறம், வேகமாகத் தெரிவதெல்லாம் வேகமாகச் செய்தது என்று எண்ண வேண்டாம். ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1973-இல் செய்த ‘ஈஸ்ட் அண்ட் பியாண்ட்’ என்ற மர அச்சில் நிறங்கள் தண்ணீர் போல ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அந்த வளைவுகளை அவர் ஜிக்சா ரம்பத்தால் பலகையில் அறுத்தெடுத்தார். இத்தனை பொறுமையாகச் செய்ததால் அந்த நெகிழ்வு பொய்யாகிவிடாது. எனக்கு அது இன்னும் ஆழமாகவே படுகிறது.

முடிந்தால் அசலை நேரில் பாருங்கள். கைபேசித் திரையில் டி கூனிங்கின் மாப் வீச்சு பேனாக் கீறல் போலச் சுருங்கிவிடும். ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்தத் தாளின் எதிரே நின்றால்தான், அதை வரையத் தோள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பது நம் உடம்புக்கே புரியும்.